தவிட்டாயி ஏறாத கப்பல்

டில்லியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரங்கூனிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜலகண்டாபுரத்து நெசவுத் தெருவில் நல்லம்மாள் ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றியபடி, அந்தப் பேச்சு என்றைக்கு முடியும் என்று காத்திருந்தாள். முடிய வேண்டும் என்று பாதி மனசு, முடியவே வேண்டாம் என்று மீதி மனசு. அந்த மீதியை அவள் புருசனிடம்கூடச் சொன்னதில்லை.

யுத்தம் ஓய்ந்த பிறகும் பர்மா ஓயவில்லை. ஜப்பான்காரன் ஒருமுறை மிதித்தான், அவனை விரட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரன் மறுமுறை மிதித்தான். பாலம் இல்லை, படகு இல்லை, விதைநெல் இல்லை. அங்கேயிருந்து காடும் மலையுமாக நடந்து தப்பிவந்தவர்கள் இங்கே கிடந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களும் அவர்கள் பெற்றதுகளும் அங்கே கிடந்தார்கள். யாரை எந்தக் கரைக்கு அனுப்புவது, யாரை எந்தக் கரை ஏற்பது என்றுதான் இரண்டு சர்க்காரும் எதிரெதிரே உட்கார்ந்து மாதக்கணக்காகப் பேசின.

சாயங்காலம் தறியை விட்டு எழுந்தவர்கள் வாசகசாலையில் கூடுவார்கள். செங்கோடன் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படிப்பான்.

"அரிசியப் பத்தி நெறைய எழுதியிருக்குதுங்க மாமா. ரயிலப் பத்தி, எண்ணெக் கெணத்தப் பத்தியெல்லாம் இருக்குது. மனுசனப் பத்திக் கடைசியில ஒரே வரி."

"அந்த வரியப் படி," என்பார் நல்லம்மாளின் புருசன் கைலாசம்.

"பேச்சு சுமுகமா நடக்குதாமா."

"நம்மூர்ல பொண்ணுக்குச் சம்பந்தம் பேசறப்பவும் அப்படித்தானப்பா சொல்றாங்க," என்பான் மூலையில் இருந்து ஒருத்தன். "சுமுகமாப் பேசிப் பேசியே பொண்ணுக்குத் தலை நரைச்சுப் போவுது."

எல்லாரும் சிரிப்பார்கள். கைலாசம் சிரிக்கமாட்டார். அந்த ஒரு வரியைப் பொட்டலம் மாதிரி மடக்கி வீட்டுக்குக் கொண்டுபோவார். வாசற்படியில் அதற்காக ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

அவள் மா சேன். கைலாசத்தின் தம்பி சின்னராஜின் பெண்சாதி. நம் தெருக் கைலிகளைப் பர்மாவுக்குக் கொண்டுபோய் விற்றவன் சின்னராஜ். போன இடத்தில் இவளைக் கட்டிக்கொண்டான். ஒரு பையன் பிறந்தான். கந்தவேல் என்று பேர் வைத்தான்.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நம்மவர்களுக்கு அங்கே இருக்க முடியவில்லை. சின்னராஜ் மூட்டை கட்டினான். பையனுக்குக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். அவனைத் தன் தாயிடம் படுக்கப்போட்டுவிட்டு, புருசனை ஆற்றங்கரை வரைக்கும் வழியனுப்பத்தான் மா சேன் வந்தாள். வழியனுப்ப மட்டுந்தான் கண்ணுகளா. கூட்டம் அவர்களைப் பாலத்தின் மேலே தள்ளிக்கொண்டு போய் அக்கரையில் விட்டது. பின்னாலேயே பட்டாளத்துக்காரர்கள், எதிரி வரக்கூடாதென்று, பாலத்தை வெடிவைத்து ஒடித்துவிட்டார்கள். மாற்றுத் துணிகூட இல்லாமல் அவள் இந்தியாவுக்கு நடந்தாள். மலைப்பாதையில் சின்னராஜ் பேதி கண்டு போய்ச்சேர்ந்தான். வயிற்றில் இன்னொன்றைச் சுமந்துகொண்டு, கைலாசத்தின் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லிச் சொல்லிக் கேட்டு, இந்தத் தெருவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது காலில் தோலே இல்லை.

நல்லம்மாள்தான் அந்தக் கால்களுக்கு வேப்பெண்ணெய் போட்டாள். நல்லம்மாளுக்கும் பிள்ளைகள் பிறந்ததுண்டு, தங்கியதில்லை. ஓரகத்திகள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஒருத்தி அழுதால் மற்றவளுக்கு எதற்கென்று தெரியும், அவ்வளவுதான்.

பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. பால் குடிக்கவில்லை.

"அப்பனத் தின்னுட்டுப் பொறந்திருக்குது. இந்த ஊட்டுக்கு எமன் வழி கண்டு வெச்சிருக்கறான்," என்றாள் தெருவுக்கே மருத்துவம் பார்க்கும் பூவாத்தாள். "தவிட்டுக்கு வித்துப்போடுங்க. வேண்டாத புள்ளைன்னு எமன் நெனச்சுக்குவான்."

நம் பக்கத்து வழக்கம் அது. பெற்றவள் படிக்கு உள்ளே நின்றாள். நல்லம்மாள் ஒரு முறம் தவிட்டோடு படிக்கு வெளியே நின்றாள். பூவாத்தாள் சொல்லிக்கொடுக்கக் கொடுக்க, "இது எனக்கு வேண்டாம், தவிட்டுக்கு வித்துட்டேன்" என்று வாய் குழறிச் சொல்லிவிட்டு மா சேன் குழந்தையை நீட்டினாள். தவிடு உள்ளே போயிற்று, குழந்தை வெளியே வந்தது. தவிட்டாயி என்று பேராயிற்று. அன்று முதல் யார் கேட்டாலும் அது நல்லம்மாள் குழந்தை. பெற்றவள் தன் பிள்ளை என்று வாயால் சொல்லிவிட்டால் எமன் காதில் விழுந்துவிடும். காது குத்துகிற அன்றைக்குத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம்.

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் பர்மாவில் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ. அதனால் காதுகுத்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தவிட்டாயி வளர்ந்தாள். நல்லம்மாளை அம்மா என்றாள். பெற்றவளைச் சின்னம்மா என்றாள். முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது மா சேன் புழக்கடைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

யுத்தம் முடிந்து மேச்சேரிக்காரர் ஆண்டி பட்டாளத்திலிருந்து திரும்பினார். கைலாசம் சொல்லியனுப்பியிருந்த ஊரில் விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"கெழவி இருக்குதுங்க. ரோட்டோரத்துல மீன்சாறு காச்சி விக்குது. நல்லா இருமுது. பையன் பக்கத்துலயே குந்தியிருந்தான். நான் தமிழ்ல பேசினதக் கேட்டதும் எந்திரிச்சு வந்து என் சட்டையப் புடிச்சுக்கிட்டான். 'அம்மா வந்துட்டாளா'ன்னான். அவனுக்குத் தெரிஞ்ச தமிழு அவ்வளவுதாம் போல. மறுக்கா மறுக்கா அதையே கேட்டான்."

மா சேன் அன்றைக்குச் சோறு வடித்தாள், தறிக்குப் போகிற பாவுநூலுக்குக் கஞ்சி காய்ச்சினாள், எல்லா வேலையும் செய்தாள். நடுவில் நல்லம்மாள் தோளைத் தொட்டு, "அக்கா, அவன் நிக்கறான். ரோட்டுல நிக்கறான்" என்றாள். பிறகுதான் வாசற்படியில் அந்த ஒரு வரிக்காக நிற்க ஆரம்பித்தாள்.

வரி ஒருநாள் வந்துவிட்டது. பர்மாவில் பிறந்த பெண்கள், பெற்ற குழந்தைகளோடு, சர்க்கார் கப்பலில் ஊர் திரும்பலாம். இரண்டு பக்கமும் சம்மதம்.

ஆடி மாதத்துக் காற்றில் சேலத்துக் கலெக்டர் கச்சேரியிலிருந்து ஆபீஸர் ஒருவர் விசாரிக்க வந்தார். நல்ல மனுசர். கைலாசம் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, நல்லம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார். வாசல் நிறையத் தெருப் பெண்கள்.

"அங்கே யாரம்மா இருக்கறாங்க?"

"அம்மா. மகன்."

அந்த நேரம் பார்த்துத் தவிட்டாயி ஓடிவந்து நல்லம்மாளின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

"இது யாரு?"

வாசலில் பூவாத்தாள் கண்ணை உருட்டினாள். காது குத்தாத பிள்ளை.

"என்ர புள்ளைங்க," என்றாள் நல்லம்மாள்.

"பேரென்ன சாமி?"

"தவிட்டாயி," என்றது முந்தானை.

ஆபீஸர் சிரித்துவிட்டு மா சேனைப் பார்த்தார். "உனக்கு இங்கே பொறந்த குழந்தை ஏதாச்சும் உண்டா?"

தமிழில் அவள் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பதில் அது. தடுமாறாமல் சொன்னாள். "இல்லீங்க."

வாசலில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. எவ்வளவு கெட்டியாகச் சொன்னாள் பார் என்று பூவாத்தாள் மெச்சினாள். கைலாசமும் தலையை ஆட்டினார். மா சேன் மனசில் சந்தேகமே இல்லை. தெருவில் எல்லாரும் வாயால் ஒன்று சொல்கிறார்கள், மனசுக்குள் உண்மை தெரியும். ஆபீஸரும் தமிழ் பேசுகிறவர்தானே, சிரித்தாரே, அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் தவிட்டாயிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது நல்லம்மாளின் கை அப்படியே நின்றது. அந்த மனுசர் கேட்டது கப்பலுக்கு. நாம் பதில் சொன்னது எமனுக்கு.

எழுந்து போய்ப் புருசனிடம் சொல்லியிருக்கலாம். அவர் அன்றைக்கே சேலத்துக்குப் பஸ் ஏறியிருப்பார். சிக்கு பாதியில் இருக்கிறது, பின்னிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். பின்னி முடித்ததும் பிள்ளை திரும்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் களைத்து வந்தார். ஆடியும் கடைசிக்கு வந்தது. தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது, தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். தவிட்டாயி வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஓடிவந்ததைப் பார்த்து நல்லம்மாள் சிரித்தாள். சொல்லவில்லை.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. கைலாசம் எழுத்துக்கூட்டிப் படித்தார். மா சேனுக்குக் கப்பலில் இடம். கார்த்திகையில் மெட்ராசில் ஏற வேண்டும்.

"பாப்பா பேரு?" என்றாள் மா சேன்.

கைலாசம் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டந்தான். முதலில் சாமி காரியம். தாய்மாமன் மடிக்குச் செங்கோடனை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். மா சேன் ஒரு முறம் தவிட்டை நீட்டினாள், நல்லம்மாள் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள். "இனிமேச் சின்னம்மா இல்ல, இதாண்டி உன்ர அம்மா," என்று பூவாத்தாள் சொன்னதும் தவிட்டாயி, காது வலியில் அழுதுகொண்டே, "போ, நீ பொய்யி" என்றாள்.

கரிப்புகை பஸ்ஸில் தாரமங்கலம் வழியாகச் சேலம் போனார்கள். ஆபீஸர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"எங்க அத்தை பேரும் தவிட்டாயிதானம்மா. பேரக் கேட்டப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்."

"அப்ப உங்களுக்குப் புரியுதுங்களே சாமி," என்றார் கைலாசம். "பேரச் சேர்த்து எழுதிப்போடுங்க."

"எனக்குப் புரியுது. டில்லியில இருக்கற வடக்கத்தியானுக்குத் தவிட்ட எப்படிச் சொல்றது? அவன் சொல்லி ரங்கூன்காரனுக்கு எப்படிப் புரியும்? ஒவ்வொரு பேரா ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கிட்டது இது. ஒரு பேரச் சேக்கறதுன்னா மறுபடியும் நாம எழுதணும், அவங்க சரின்னு சொல்லணும். எழுதறேன். இன்னைக்கே எழுதறேன். கப்பலுக்குள்ள பதில் வராது."

"பேரில்லாமயே தூக்கிட்டுப் போயிட்டா?"

"அந்தக் கரையில தாய இறக்குவாங்க, புள்ளைய இறக்கமாட்டாங்க. தனியாத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் அடுத்த கப்பல்ல போறேன்," என்றாள் மா சேன்.

ஆபீஸர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மார்கழியில அவங்க தேசம் தனிச் சர்க்கார் ஆயிடுதும்மா. அங்கே இப்பவே ஆளுக்கொரு பக்கம் துப்பாக்கி தூக்கிட்டு நிக்கறாங்க. இந்த ஒப்பந்தம் இந்தக் கப்பலுக்கு. அடுத்த கப்பலப் பத்திப் பேச்சு நடக்கும்னு சொல்றாங்க. அதுக்குமேல எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

அவர் ஏமாற்றவில்லை, எரிந்து விழவில்லை. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் மேஜையின் அந்தப்புறத்தில் உட்கார்ந்துகொண்டு அவரால் அழமட்டும்தான் முடிந்தது.

ஊர் திரும்பிய பிறகு மா சேன் பிள்ளையை விட்டு நகரவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தூங்கும்போது கால்விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம், பாவுக்குக் கஞ்சி போடத் தெருவே வெளியில் நின்றிருந்தபோது, அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா. இவளுக்கு நீ இருக்கறே. அவனுக்கு யாரு? கெழவி செத்துட்டா அவனுக்கு யாரு?"

நல்லம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் போறேன். ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னைக்கு ஆபீஸர்கிட்ட நீ தெரிஞ்சு சொன்னியா?"

தெரியாமல் சொன்னேன் என்றால் அது பொய்யில்லை. அந்தப் பதில் நல்லம்மாளின் நாக்குவரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நின்ற கால்கள், அவள் எண்ணெய் போட்டு ஆற்றிய கால்கள், மறுபடி நடக்கப்போகிற கால்கள்.

"அன்னைக்குத் தெரியாது சாமி," என்றாள். "மறுநா தெரிஞ்சுது."

மா சேன் அவளை அடித்திருந்தால் நல்லம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முடியைப் பிடித்து இழுத்திருந்தாலும் சரிதான். மா சேன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். அது சாபமா மன்னிப்பா என்று நல்லம்மாளுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

அதன்பிறகு போகிற நாள்வரை மா சேன் வேறொன்றும் கேட்கவில்லை. சொல்லத்தான் சொன்னாள். பாப்பாவுக்குச் சளி பிடித்தால் தும்பைச்சாறு வேண்டாம், வாந்தி எடுப்பாள். இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவாள். இருட்டில் பயந்தால் பேசாதே, பாடு. நல்லம்மாளுக்கு அதெல்லாம் முன்பே தெரியும். தெரியும் என்று சொல்லாமல், புதிதாகக் கேட்கிறவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

சேலம் சூரமங்கலத்து ஜங்ஷனில் உச்சி வெயில். மெட்ராஸ் ரயில் வந்து நின்றது. தன்னைப்போல் போகிற இன்னும் சில பெண்களோடு மா சேன் ஏறினாள். அவர்களில் ஒருத்தி மடியில் பிள்ளை இருந்தது. மா சேன் அதைப் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அம்மாளுக்கு டாட்டா சொல்லு சாமி," என்றார் கைலாசம்.

தவிட்டாயி நல்லம்மாளுக்கு டாட்டா சொன்னாள்.

மா சேன் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டிப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். புதிதாகக் குத்திய காதில் விரல் பட்டு, பிள்ளை வலியில் சுருங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது தாரமங்கலம் தாண்டியதும் தவிட்டாயி கேட்டாள், "சின்னம்மா எப்ப வரும்?"

"சின்னம்மா இல்ல கண்ணு. உன்ர அம்மா."

"நீதான அம்மா?"

அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனையும். வேண்டியது வேண்டியபடி மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. நல்லம்மாளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முந்தானையால் பிள்ளையின் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள்.

மார்கழியில் பர்மா தனிச் சர்க்கார் ஆயிற்று. மழைக்காலம் வருவதற்குள் அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டுவிட்டது. செங்கோடன் பேப்பர் படிக்கும்போது இப்போது யாரும் தமாஷ் பேசுவதில்லை. இன்ன ஊர் இன்னார் கையில் விழுந்தது என்று வரும். மா சேன் போன ஊரின் பேர் ஒருதரம் வந்தது. போய்ச் சேர்ந்தாளா, ரோட்டோரத்தில் அந்தப் பையன் நின்றானா, அவளை அடையாளம் கண்டானா, ஒன்றும் தெரியவில்லை.

நல்லம்மாள் மாதந்தோறும் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். முதலில் கைலாசத்தோடு போனாள், பிறகு பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். அழைத்தவுடனே அனுப்ப வேண்டும் என்று, தறியில் இறங்கிய துணியிலேயே தவிட்டாயிக்கு ஒரு சட்டை தைத்து, மூட்டையில் கட்டித் தயாராக வைத்திருந்தாள். ஒருதரமும் பிள்ளைக்கு அதைப் போட்டுப் பழக்கவில்லை. கப்பலுக்கென்று தைத்த சட்டை அது.

கச்சேரியில் பழைய ஆபீஸர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சின்ன வயசு. அவரும் நல்ல மாதிரிதான்.

"இன்னும் பேச்சு நடக்குதும்மா," என்றார். "போன வாரங்கூட நம்ம ஆளுங்க ரங்கூன் போயிட்டு வந்திருக்காங்க."

"பேசட்டும் சாமி. பெரியவங்க பேசித்தான் ஆகோணும்." நல்லம்மாள் மூட்டையை அவிழ்த்துச் சட்டையை எடுத்து, பக்கத்தில் நின்ற தவிட்டாயியின் தோளில் வைத்து அவருக்குக் காட்டினாள். சட்டைக் கை முழங்கைக்கு மேலேயே நின்றது. "இது மூணாவது சட்டைங்க. கொஞ்சம் வெரசாப் பேசச் சொல்லுங்க. தைக்கத் தைக்கச் சின்னதாப் போவுது."